மருந்து ஊறும்வரை

சிறுவர்களுக்குப் புத்தகம் எழுதுகிறவர்கள்மீது எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. எகிப்திய மம்மி பற்றிய புத்தகம் எதையாவது கடையில் கண்டால் புரட்டாமல் நகர முடிவதில்லை. புரட்டினால் எரிச்சல்தான் மிச்சம். எது நடந்தது, எது புளுகு என்று பிள்ளைகளுக்கு ஒரு வரி சொன்னால் குடியா முழுகிவிடும்?

கிளாலிக் கடலைப் படகில் தாண்டித்தான் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியே போகலாம் என்றிருந்த போர்க்காலம். எனக்குப் பதினொரு வயது. அட்டை கிழிந்த அப்படியொரு புத்தகம் கையில் கிடைத்தது. முன்பாதியில் உடலை உப்பில் உலர்த்துவதும், மருந்து பூசித் துணி சுற்றுவதும், உயிர் திரும்பி வரும் என்று அந்த மக்கள் நம்பியதும் இருந்தன. பின்பாதியில் மம்மி பெட்டியைத் திறந்துகொண்டு எழுந்து நடந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடுகூட இல்லை. ஏழு வயதுத் தம்பிக்கு அதை வாசித்துக் காட்டியபோது அக்காவான நானும் சும்மா இருக்கவில்லை. மருந்து நன்றாக ஊறினால்தான் எழும்பும் என்று என் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துவிட்டேன். அவன் கண் விரிவதைப் பார்ப்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதே மாதம் அப்பா நெஞ்சுவலியில் செத்துப்போனார். மூத்த மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும். வவுனியாவில் வேலை செய்த அண்ணைக்கு ஆள்மூலம் சொல்லியனுப்பினார்கள். அவர் வந்து சேரும்வரை உடல் கெடாமலிருக்க மருந்து ஏற்றினார்கள். வாய் திறக்காதபடி நாடியையும், கால் பெருவிரல்களையும் வெள்ளைத் துணியால் கட்டிப் பெட்டியில் கிடத்தினார்கள்.

தம்பி பெட்டியைவிட்டு அசையவில்லை. சாப்பாடு வேண்டாம், நித்திரை வேண்டாம். நான் வாசல் படலைக்கும் பெட்டிக்குமாக நடந்துகொண்டேயிருந்தேன். வெளியே ஒழுங்கையில் சைக்கிள் சத்தம் கேட்டால் அண்ணையோ என்று ஓடுவேன். திரும்பி வந்து அப்பாவின் முகத்தைப் பார்ப்பேன். ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம், அப்பாவின் தம்பியான குஞ்சியப்பா முடிவாகச் சொன்னார்: “இனிக் காத்திருக்கேலாது. சின்னவன் வைக்கட்டும்.”

தம்பி பெட்டியின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

“நான் வைக்கமாட்டன். எரிக்க வேண்டாம்.”

பயந்துவிட்டான் என்று எல்லோரும் நினைத்தார்கள். குஞ்சியப்பா கெஞ்சினார், பிறகு அதட்டினார். நான் தம்பிக்குக் கிட்டப் போய்க் குந்தினேன்.

“அக்கா, மருந்து இன்னும் ஊறேல்லைப் போல. எரிச்சுப்போட்டா அப்பா எப்பிடி எழும்புறது?”

“அது நான் சும்மா சொன்னது.”

“புத்தகத்திலை எழும்பினதுதானே?”

“அதுவும் பொய்.”

“துணி சுத்தினது?”

“அது உண்மை.”

“உப்பு?”

“உண்மை.”

“அப்ப எழும்பினது மட்டும் எப்பிடிப் பொய்?”

எது பொய் என்று புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை. வெளியே பறை தொடங்கிவிட்டது. இவன் வைக்காவிட்டால் வேறு யாரோ வைப்பார்கள், அதை இவன் ஆயுள் முழுக்கச் சுமப்பான்.

“அப்பா எழும்பமாட்டார்,” என்றேன். “மருந்து ஊறினாலும் எழும்பமாட்டார். அண்ணை வந்தாலும் எழும்பமாட்டார்.”

தம்பி என் முகத்தையே பார்த்தான். பிறகு கைகளை எடுத்தான். அவனைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் முழுக வார்த்தார்கள்.

நான் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து கத்தி அழுதேன். அந்த மூன்று நாட்களில் நான் அழுதது அதுதான் முதல் தடவை. அதுவரை நானும் அப்பா எழும்புவார் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.