கோழிக்கால் காட்டிய வேங்கை

1. வெடிப்பு

கொரட்டூருக்குக் குடிவந்து நான் ஒப்புக்கொண்ட முதல் வேலை ஒரு தலைவாசல் நிலை. அயப்பாக்கத்தில் கோதண்டம் என்பவர் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு. வெள்ளிக்கிழமை காலை நிலை வைக்க நேரம் குறித்திருந்தார்கள். புதன்கிழமை தார்ப்பாயை விலக்கிப் பார்த்தால், நிலையின் இடது காலில் மேலிருந்து ஒரு முழத்துக்கு வெடிப்பு. நகத்தை விட்டுப் பார்த்தேன். உள்ளே போனது.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கணக்கில் நம்பிக்கை கிடையாது, அதனால் எதையும் மூன்று தடவை அளப்பேன். வீட்டைப் பூட்டித் தெருமுனை வரை போன பிறகு திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள். அவ்வளவு பயந்து பயந்து செய்த வேலையில்தான் இந்த வெடிப்பு.

நிலைக்கான வேங்கை மரம் தென்காசியிலிருந்து லாரியில் வந்தது. நான் தொழில் பழகிய நாளிலிருந்து வாங்குகிற கடை, குறை சொல்ல முடியாது. சாரலில் கிடந்த மரம், இங்கே என் வாடகைப் பட்டறையின் தகரக் கூரைக்குக் கீழே காய்ந்ததும் வாயைத் திறந்துவிட்டது. மகளுக்கு வேலப்பன்சாவடிப் பக்கம் காலேஜில் இடம் கிடைத்ததால் நாங்கள் தென்காசியை விட்டு வந்தோம். உளி, இழைப்புளி எல்லாவற்றையும் மூட்டை கட்டினேன். மரக்கடையை மூட்டை கட்ட முடியவில்லை.

தேக்கிலே ஒரு கால் செய்து மாட்டிவிடலாமே என்று நினைப்பீர்கள். வேலை பேசிய அன்றே கோதண்டம் சொல்லிவிட்டார்.

"ஆசாரி, எங்க ஊட்டு நெலை நாலு கட்டையும் ஒரே மரமா இருக்கணும். வேங்கைன்னா வேங்கை. வேற மரம் கலந்துது, ஆள மாத்திட்டு போய்க்கினே இருப்பேன். அப்புறம் இந்த ஏரியாவுல உன்ன யாரு கூப்டுவான்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சிரித்துக்கொண்டு சொல்வதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ள எனக்கு வராது.

2. வண்டலூரில் கேளுங்கள்

வெடிப்பில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தால் அன்றைக்குத் தெரியாது. சித்திரை வெயிலில் தெரியும். அதை அப்போதே விட்டுவிட்டேன். வேண்டியது ஏழடி நீளத்தில், அஞ்சு அங்குலத்துக்கு மூணு அங்குலக் கனத்தில், காய்ந்த வேங்கை ஒரே ஒரு கட்டை.

போனில் தேடினேன். சோபாக் கடை காட்டியது, கட்டில் கடை காட்டியது. மொபெட்டை எடுத்துக்கொண்டு அம்பத்தூர் ரோட்டில் ஒவ்வொரு கடையாக ஏறினேன். எல்லாம் பிளைவுட் கடைகள்.

"வேங்கை இருக்கா தம்பி?"

"வேங்கையா? வண்டலூர் ஜூவுல கேளுங்கண்ணாத்தே, கூண்டுல ரெண்டு கீது."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்த கடைக்காரர் பிளாஸ்டிக் கலந்த ரெடிமேட் நிலையைத் தட்டிக் காட்டினார். "கரையான் அரிக்காது, தண்ணி பட்டா ஊறாது. டீ குட்ச்சிட்டு வா, வண்டில ஏத்தி உட்றேன்."

"நிலை வைக்கிற அன்னைக்கு மஞ்சள் குங்குமம் வைப்பாங்களே."

"இதுக்கு வெச்சா ஒட்டாதா இன்னா?"

உள்ளூர் ஆசாரிகளைக் கேட்கவும் பயம். புது ஆள் மரம் தேடி அலைகிறான் என்ற பேச்சு அயப்பாக்கத்துக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? தென்காசிக்குப் போன் செய்தேன். சனிக்கிழமைதான் லாரி என்றார்கள்.

3. செல்வியின் கோழிகள்

மத்தியானம் வீட்டுக்குத் திரும்பும் வழியில், வீட்டில் முட்டை வாங்கிவரச் சொன்னது ஞாபகம் வந்தது. ஸ்டேஷன் பக்கம் செல்வி என்கிற பெண் நாட்டுக்கோழிக் கடை வைத்திருக்கிறாள். கூண்டுக்குள் மரத்தூள் பரப்பி, தண்ணீர்க் கிண்ணம் வைத்திருந்தாள். கோழிகள் கிண்ணத்தைத் தட்டிவிட்டுத் தூளெல்லாம் ஈரம். அதில் நின்ற கோழிகளின் கால்கள் கல்யாணப் பெண்ணின் கால் போல மஞ்சளாக இருந்தன.

"இன்னாண்ணா, அல்லாரும் கோழி வெயிட்ட பாப்பாங்க, நீ கால பாத்துகினு கீற?"

"ஏம்மா இவ்வளவு மஞ்சளா இருக்கு?"

"அத்த ஏன் கேக்கற. நான் மஞ்சத்தூள் பூசி விக்கிறேன்னு எதிர்க்கடைக்காரன் கெளப்பி உட்டுகினு கீறான். அது மரத்தூளுண்ணா. தண்ணி பட்டா இப்டிதான் ஒட்டிக்குது."

கூண்டுக்குள் கையை விட்டேன். ஒரு சேவல் கொத்தியது. ஒரு சிட்டிகைத் தூளை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்ததும் கை மஞ்சளானது. வேங்கை ஈரம் பட்டால் மஞ்சள் விடும்; அதை அறுத்தவன் கை எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

"இன்னா தேடற, மோதிரத்த உட்டுட்டியா?"

"இந்தத் தூள் எங்கிருந்துமா வருது?"

"பாடியாண்ட மில்லுல இருந்துதான். மேம்பாலத்துக்கு அந்தாண்ட, பழைய ஃபேக்டரி செவுர ஒட்டி ஒரு சந்து போவும். போர்டெல்லாம் கெடையாது. மெசின் சத்தம் கேக்கும், போயிகினே இரு. ஆமா, முட்ட வோணாமா?"

முட்டையை மறந்துவிட்டுத்தான் போனேன்.

4. ஒற்றைக் கால்

சந்து முழுவதும் லாரி. நடுவில் புகுந்து போனால் தகரக் கதவு, உள்ளே மரம் அறுக்கும் பேண்ட் சா மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சுவரோரம் வேங்கை, தேக்கு, வேம்பு எல்லாம் தனித்தனியாக அடுக்கியிருந்ததைப் பார்த்து எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மில்லுக்காரர் ஹமீது பாய் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எத்தினி கட்டை?"

"ஒண்ணே ஒண்ணு பாய். ஏழடி, அஞ்சுக்கு மூணு. வேங்கை."

"வெடிச்சிடுச்சா?"

"எப்படி பாய் தெரியும்?"

"நெலைக்கு ஒத்த கால் கேட்டு வர்றவன் வேற எதுக்கு வருவான்? மூஞ்சியும் சொல்லுதே. பயப்படாத, நாலு வெயில் பாத்த மரம் கீது."

அவர் தட்டிக் காட்டிய கட்டையை நானும் மூன்று தடவை தட்டிப் பார்த்தேன். அதற்குள் அவர் எனக்கு ஒரு டீ சொன்னார். அங்கேயே மெஷினில் இழைத்துக் கொடுத்தார். வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் பழைய காலைக் கழற்றி, புதியதில் துளைக்குள் பொருந்துகிற கழுந்து எடுத்து மாட்டிவிட்டேன்.

5. வெள்ளிக்கிழமை

இவ்வளவுக்குப் பிறகும் நிம்மதி இல்லை. பிறகு வேறு யாராவது சொல்லிக் கோதண்டத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற கவலை. நிலையை இறக்கியதுமே அவரிடம் சொல்லிவிட்டேன். "ஐயா, ஒரு கால் வெடிச்சிடுச்சு. மாத்தியிருக்கேன். இதுவும் வேங்கைதான்."

மஞ்சள் பூசும் முன் பெண்கள் நிலையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். கோதண்டம் குனிந்து இடது காலில் வழிந்த தண்ணீரை ஒரு விரலால் தொட்டார், வலது காலில் வழிந்ததை இன்னொரு விரலால் தொட்டார். இரண்டு விரலையும் வெயிலில் பிடித்துப் பார்த்தார். இரண்டும் ஒரே மஞ்சள்.

"ஏன் ஆசாரி, வெடிச்ச கால இன்னா பண்ண?"

"பட்டறையில கிடக்குங்க."

"அதுல வெடிப்ப கழிச்சிட்டு உக்கார ரெண்டு மணப்பலக பண்ணி குடு. எங்கூட்டு மரத்த வெளிய உடக் கூடாது. அப்புறம் மாடில மூணு கதவு கீது, அளவு எடுத்துகினு போ."

மூன்று தடவை அளந்தேன்.

புது ஊருக்குப் போகிற தம்பிகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மரம் எங்கே அறுபடுகிறது என்று போர்டு சொல்லாவிட்டாலும் தூள் சொல்லும். கோழிக்கடை, ஐஸ் கடை, மரத்தூள் அடுப்பு எரியும் டீக்கடை என்று தூள் போய்ச்சேரும் இடங்களைப் பாருங்கள். கையில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள், மோதிரம் தேடுகிறீர்களா என்று வேண்டுமானால் கேட்பார்கள்.

இப்போது என் பட்டறைத் தூளையும் செல்விதான் எடுத்துக்கொள்கிறாள். போன வாரம் பட்டறை வாசலில் முன்பின் தெரியாத ஒருவர் நின்றார். தோளில் ரம்பப் பை, கையில் முட்டை இல்லை, விரல் நுனியெல்லாம் மஞ்சள், ஒன்றில் சேவல் கொத்திய காயம்.

"அண்ணாச்சி," என்றார், "அந்தக் கோழிக்கடைத் தூளு இங்கிருந்துதான் போவுதா?"

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். சேவல் கொத்திய இடத்துக்கு மஞ்சளே போதும் என்று சொன்னேன்.