எஸ்தர் தன் காதைத் தொட்டுக் காட்டினாள்

ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார். அதைச் சொல்லத்தான் இந்தச் சபையில் எழுந்து நிற்கிறேன். என் மனக்கசப்பையும் மறைக்கப் போவதில்லை.

என் மகள் எஸ்தருக்கு ஒன்பது வயது. ஆட்டிசம். பேச்சு வரவில்லை. திண்டிவனம் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளியில்தான் படித்தாள். போன வருடம் பள்ளி திறந்த இரண்டாம் வாரம் தலையில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"மத்த பிள்ளைங்க பயப்படுதும்மா. பேரு ரிஜிஸ்டர்ல இருக்கட்டும். நீ வூட்லயே வச்சிக்கினு இரு."

அன்றிலிருந்து வேர்க்கடலை பறிக்கப் போகும் மல்லாட்டைக் கொல்லைக்கெல்லாம் அவளையும் இழுத்துக்கொண்டு போனேன். இங்கே வந்து அழுதேன். பிசாசின் பிடி என்றீர்கள். நான்கு பேர் அவளை அமுக்கிப் பிடிக்க, சத்தம்போட்டு ஜெபித்தோம். பிடித்தவர்களில் நானும் ஒருத்தி. ஒருநாள் பொறுக்க முடியாமல் அவளை அறைந்தேன். அன்று மண்ணில் விழுந்து கேட்டேன்: "இவ ஏன் இப்படி அடிச்சிக்கிறான்னு எனக்குத் தெரியணும் ஆண்டவரே. இல்லன்னா என்னை எடுத்துக்கோ."

தை மாதம், இவளைப் போன்ற பிள்ளைகளுக்கென்றே இருக்கும் சிறப்பு ஆசிரியை ஒருவர் வந்தார். ரிஜிஸ்டரில் பெயர் இருக்கிறது, பிள்ளையைக் காணோமே என்று வீடு தேடி வந்தவர். எத்தனையோ ஊர்களுக்கு அவர் ஒருவர்தான். வாரத்தில் ஒரு மணி நேரம் எங்களுக்கு. தண்ணீர், சோறு, வலி என்று படம் வரைந்த அட்டைகளைக் காட்டிப் பழக்கினார். ஏழாவது வாரம் எஸ்தர் வலி அட்டையை எடுத்து என் கையில் வைத்தாள். பிறகு தன் இடது காதைத் தொட்டாள்.

"காது வலிம்மா. அதான் அடிச்சிக்கினு இருந்திருக்கா. ஜல்தியா டாக்டராண்ட காட்டுங்க," என்றார் ஆசிரியை.

விழுப்புரத்தில் டாக்டர் பார்த்தார். காதுக்குள் சீழ். செவிப்பறை ஓட்டையாகியிருந்தது. மருந்தில் வலி போனது, அடித்துக்கொள்வதும் நின்றது. அந்தக் காதில் இனிக் கேட்பது கஷ்டம் என்றார். நான் அறைந்ததும் அந்தப் பக்கம்தான்.

ஆசிரியை போராடி அவளை மறுபடி வகுப்பில் உட்கார வைத்தார். ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் முன்போல் கண்ணை மூடிக்கொண்டு ஜெபிக்க எனக்கு வரவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொண்டேதான் ஜெபிக்கிறேன். நீங்களும் நம்பிக் கேளுங்கள். அவர் அனுப்பும் ஆளுக்கு வழிவிடுங்கள்.

அந்த ஆசிரியை தினமும் பள்ளிக்கு வரவேண்டும் என்று மனு எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்குப் போகிறேன். ஜெபம் முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து கையெழுத்துப் போடுங்கள். பேனா என்னிடம் இருக்கிறது.