அறுபது மடங்கு காட்டெருமை

என் மைத்துனன் எந்தப் பொருளையும் தானாக வாங்க மாட்டான். வாங்குவதற்கு ஆள் பிடிப்பான். எனக்கு அந்தக் கேமராவை வாங்கிக் கொடுத்த புண்ணியவானும் அவன்தான். காசு மட்டும் என்னுடையது.

கணபதிப் பகுதியில் எனக்கு ஒரு லேத் பட்டறை. மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பது தொழில். முப்பது வருடம் அந்த இரும்புத் தூளை விட்டு நகராமல் இருந்துவிட்டு, மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகுதான், மனைவியோடு நாலு ஊர் பார்க்கலாம் என்று தோன்றியது. இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை வாய்தவறி மைத்துனனிடம் சொல்லிவிட்டேன்.

"ஊர் சுத்தறதுன்னா பிரிட்ஜ் கேமராதானுங்க மச்சான். லென்ஸ் மாத்தற வேலையே கெடையாது. பக்கத்துல இருக்கற பூவும் எடுக்கலாம், அறுபது மடங்கு இழுத்தா நெலாவுல இருக்கற குழியும் எடுக்கலாம்" என்றான். எல்லாம் யூடியூபில் பார்த்த ஞானம்.

காந்திபுரத்துக் கடைக்காரரும் அதே நிலாவைத்தான் காட்டினார். நிலாக் குழியைப் பார்த்து எனக்கு ஆகப்போவது என்ன என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதன் தோற்றம் என்னை மயக்கிவிட்டது. கல்யாண மண்டபத்தில் படம் எடுப்பவர் வைத்திருப்பதைப் போலவே பெரிய உடம்பு, நீண்ட மூக்கு. உள்ளே படத்தை வாங்கிக்கொள்கிற சில்லு என் சுண்டுவிரல் நகத்தளவுதான் என்பது பிறகுதான் தெரிந்தது. மாப்பிள்ளை முறுக்கு மட்டும் இருந்தது, சம்பாத்தியம் இல்லை.

முதல் பயணம் வால்பாறை. கற்றுக்கொடுக்கிறேன் என்று மைத்துனனும் காரில் ஏறிக்கொண்டான். ஆழியாறு தாண்டி ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் நிறுத்தினோம். எதிர்ப் பாறையில் வரையாடு ஒன்று நின்றது. கண்ணுக்கு அது ஒரு பழுப்புப் புள்ளி. கேமராவை இழுத்தபோது அது மெல்லுகிற புல் தெரிந்தது. மனைவியின் கைபேசியில் வெறும் பாறைதான் விழுந்தது. நல்ல வெயிலில், அசையாமல் நிற்கிற பிராணியை, மூன்று நாள் பட்டினி கிடந்தவன் போலக் கிட்டே இழுத்துக் காட்டும் அந்தக் கேமரா. இந்த ஒரு பெருமையை அதற்குக் கொடுத்துவிடுகிறேன். வேறு கேட்கக் கூடாது.

அன்று மாலை சோலைக்காட்டு ஓரத்தில் ஒரு மரத்தில் இருவாச்சிப் பறவை ஒன்று வந்து உட்கார்ந்தது. மனைவி அதைக் கண்ணால் பார்த்தாள். மைத்துனனும் பார்த்தான். நான் பார்க்கவில்லை. முழுக்க இழுத்த லென்ஸில் பறவையைத் தேடுவது ஊசித் துளை வழியாக மாட்டைத் தேடுகிற வேலை. கிளை தெரிந்தது, இலை தெரிந்தது, வானம் தெரிந்தது. பறவை அகப்பட்டபோது லென்ஸ் முன்னும் பின்னும் போய்வந்து, எதைப் பார்ப்பது என்று முடிவு செய்யாமல் தவித்தது. விழுந்த ஒரே படம், அரைத்த தேங்காய்ச் சட்னியில் கறிவேப்பிலை கிடந்ததைப் போல இருந்தது.

"வெளிச்சம் பத்தலீங்க மச்சான்" என்றான் மைத்துனன்.

"காட்டுல பின்ன ட்யூப் லைட்டா போட்டிருப்பாங்க?" என்றாள் அவன் அக்கா.

மறுநாள் காலையில்தான் நான் மானத்தை விட்டேன்.

தேயிலைச் சரிவு ஒன்றைப் பார்க்கிற மாதிரி காரை ஓரம்கட்டி நின்றிருந்தோம். வெகு கீழே அந்தச் சரிவில் ஏழெட்டுப் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். கேமராவை இழுத்துப் பார்த்தேன். அவர்கள் முதுகுக்கு நேர் பின்னால் ஒரு காட்டெருமை. கடைசிப் பெண்ணின் கூடையை முகர்ந்து பார்க்கிற கிட்டத்தில் கொம்பு. நான்கு படம் எடுத்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிறகுதான் காரின் ஹாரனை அழுத்தினேன். மைத்துனன் சட்டையைக் கழற்றிக் கொடி போல ஆட்டினான். நான் அடித்தொண்டையில் கத்திக்கொண்டு பாதி சரிவு இறங்கிவிட்டேன்.

பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு மேலே ஏறி வந்தார்கள். அவர்களை வேலை வாங்குகிற மேஸ்திரியும் ஓடி வந்தார். என்னவோ ஏதோ என்று எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. நான் திரையைக் காட்டினேன்.

மேஸ்திரி படத்தைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார். "சார், அது ஓடைக்கு அந்தப் பக்கம் நிக்குது. நடந்து போனா கால் மணி நேரம் ஆகும். தினம் வர்றதுதான்."

தூரத்தில் இருப்பதை இழுத்துப் பார்த்தால், முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தெரியும். நடுவில் இருக்கிற இடம் காணாமல் போய்விடும். இதை எந்த யூடியூபும் மைத்துனனுக்குச் சொல்லவில்லை. ஷாஃப்டில் தலைமுடி அளவு கூடினாலும் மறுபடி கடையச் சொல்கிறவன் நான். ஒரு ஓடையையும் ஒரு முழுச் சரிவையும் தவறவிட்டிருந்தேன்.

ஒரு அம்மா திரையை எட்டிப் பார்த்து, "என் கூடையவே திங்கற மாதிரில்ல இருக்கு" என்று சிரித்தார். இன்னொருவர் சிரிக்கவில்லை. "கொழுந்து எடை குறைஞ்சா கூலி போயிரும். நீங்களா சார் வந்து பறிப்பீங்க?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார். மன்னிப்புக் கேட்டேன். யாரும் காதில் வாங்கவில்லை.

இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் நாங்கள் பொள்ளாச்சி வந்து சேர்வதற்குள் மைத்துனன் அந்தப் படத்தைத் தன் கைபேசிக்கு மாற்றி, சொந்தபந்தங்களின் வாட்ஸாப் குழுவில் போட்டிருந்தான். 'உயிரைப் பணயம் வைத்துப் பெண்களைக் காப்பாற்றிய மச்சான்' என்று ஒரு வரி. கீழே கும்பிடுகிற கைகள், பூங்கொத்துகள். கருமத்தம்பட்டியில் தறி ஓட்டுகிற பெரியப்பா அழைத்தார்.

"ஏங்கண்ணு, அத்தன கிட்டத்துல போயி நின்னயாக்கும்?"

உள்ளதைச் சொல்லியிருக்க வேண்டும். "கொஞ்சம் கிட்டத்துலதானுங்க பெரியப்பா" என்றேன். சொன்னபோது நன்றாகத்தான் இருந்தது. மைத்துனனை இத்தனை நேரம் திட்டிக்கொண்டு வந்த வாய் அது.

மூன்று நாள் அந்தப் புகழில் இருந்தேன். பட்டறைக்கு இரும்பு மெட்டீரியல் போடுகிறவர்கூடப் படத்தைப் பார்த்துக் கைகுலுக்கினார். மூன்றாம் நாள் சாயங்காலம் மனைவி காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஏனுங்க, அந்தப் பொம்பளைக பொழப்பக் கெடுத்துப்போட்டு வந்திருக்கறோம். அதுக்கு மாலை வேற போட்டுக்கறீங்களா?" என்றாள். அவள் அங்கேயே நின்று, குழுவில் குரல் செய்தி ஒன்றைப் பேசி அனுப்பினாள். நடுவுல ஓடை இருக்குதுங்க, மாடு கால் மணி நேர நடையில நின்னுதுங்க, யாரையும் யாரும் காப்பாத்தலீங்க. அவ்வளவுதான்.

மைத்துனன் குழுவை விட்டு வெளியேறினான். ஒரு வாரம் கழித்து, டிரோன் ஒன்று பார்த்து வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அவன் அக்கா அவனுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பிவைத்தாள்.

பெரியப்பா மட்டும் மறுபடி அழைத்தார். "ஓடை இருந்தா இருந்துட்டுப் போகுது கண்ணு. படம் நல்லாருக்குது" என்றார். அதை அச்சடித்து, சட்டம் போட்டு, தறிக்கூடத்து அலுவலக அறையில் மாட்டியிருக்கிறார். துணி வாங்க வருகிறவர்களிடம் என் வீரத்தைச் சொல்லுகிறாராம். நேரில் போய் இரண்டு தடவை விளக்கிவிட்டேன். பொறுமையாகக் கேட்டுக்கொள்கிறார், டீ வாங்கித் தருகிறார், படத்தைக் கழற்ற மாட்டேன் என்கிறார்.