சிரிப்பில் தொடங்கினால் பேய்ப்படம்

இன்று திருப்பதியிலிருந்து நகரிக்கு பஸ். முன் சீட்டில் மலையில் மொட்டை போட்டுவிட்டு வந்த அப்பாவும் மகளும்.

அப்பா போனில் ஒரு படம் போட்டார். காரில் ஒரு குடும்பம் சிரித்துப் பாடிக்கொண்டு போகிறது.

"பேய்ப்படம் நைனா, மாத்து."

அடுத்த படத்தில், தூங்கும் பையனை அம்மா திட்டி எழுப்புகிறாள்.

"இது காலேஜ் காமெடி. பாக்கலாம்."

"எப்டிம்மா சொல்ற?"

"சிரிச்சிக்கினு கெளம்புனா பின்னாடியே பேய் வரும். மொதல்லயே திட்டு வாங்கினா கடைசி வரைக்கும் ஜாலி."

சுற்றியிருந்த எல்லோரும் சிரித்துவிட்டோம்.

அப்பா திரும்பிப் பார்த்தார். "நாமளும் சிரிச்சிக்கினுதான போறோம்?"

பஸ்ஸே கப்சிப்.

அந்நேரம் பார்த்து, படியை அடைத்து நின்றவர்களிடம் கண்டக்டர் கத்தினார்: "ஜரகண்டி! ஜரகண்டி!"

"திட்டு வாங்கிட்டோம் நைனா, இனிமே பயமில்ல."

எனக்கு இன்று காமெடி உறுதி. காலையில் சிரித்துக்கொண்டே கிளம்பியவர்கள் யாராவது இருந்தால், பத்திரமாக இருக்கிறீர்களா?