நான் பூச்சி மருந்து குடித்த கதை

மருந்தாளுநர் டிப்ளமோ இரண்டாம் வருஷத்தில் கல்லூரி எங்களைக் கல்வராயன் மலைக்குப் பத்து நாள் முகாம் கூட்டிப்போனது. புத்தகத்தில் படித்ததை ஜனங்களுக்குச் செய்து, அதிலிருந்து நாமும் கற்றுக்கொள்ள வேண்டுமாம். ஜனங்கள் எங்களை வரச்சொல்லிக் கேட்கவில்லை. அது ஒரு சின்ன விஷயம் என்று விட்டுவிட்டோம்.

நான் கிளம்பியபோது வீட்டில் பெரிய சண்டை. அப்பா கள்ளக்குறிச்சியில் ஒரு மாப்பிள்ளையைப் பேசி வைத்திருந்தார். முகாம் முடிந்து வந்ததும் நிச்சயம், அத்தோடு படிப்பு நிறுத்தம். வெளியே இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகளுக்குப் படிப்பில் இடம் வேண்டும் என்று ரோட்டில் புளியமரத்தை வெட்டிப் போட்டார்கள். என் வீட்டிலோ கிடைத்த இடத்தை விட்டுவிட்டு வா என்றார்கள். ஒரு வாரம் அப்பாவோடு பேசாமல் இருந்து, பேசாமலேயே பஸ் ஏறினேன்.

மலையில் எங்கள் வேலை, பிள்ளைகளுக்கு வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுப்பது. ரோஸ் கலர் சிரப். ஒரு பிள்ளையும் வாயைத் திறக்கவில்லை. அது குடும்பக் கட்டுப்பாட்டு மருந்து என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். எங்கள் சார் யோசித்து, "நாமளே குடிச்சுக் காட்டுனா நம்புவாங்க" என்றார். நாமளே என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"கூட்டம் கலைஞ்சதும் ஓரமா துப்பிடும்மா" என்று ரகசியமாகச் சொன்னார். அது எங்கே முடிந்தது. ஒரு அம்மா என் தொண்டைக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு நின்றது. விழுங்கியதும், "எங்க, வாயத் தொற" என்றது. திறந்தேன். நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் தன் பிள்ளையை முன்னே தள்ளியது. அன்றைக்கு நான்கு சிற்றூர்கள். நான்கிலும் இதே சோதனை. மருந்தளவுப் பாடத்தில் வகுப்பிலேயே அதிக மார்க் வாங்கியவள், ஒரே நாளில் நான்கு வேளை மருந்தைக் குடித்துவிட்டு, சாயந்திரம் வாந்தியெடுத்துச் சுருண்டு படுத்தேன்.

அதற்குள் கீழே போராட்டக்காரர்கள் இன்னும் மரங்களை வெட்டிப் போட்டு பஸ்ஸெல்லாம் நின்றுவிட்டது. முகாம் முடிந்தாலும் உடனே இறங்க முடியாது. மறுநாள் காலை ஒரு கடுக்காய் வியாபாரி நடந்தே இறங்கினார். அவருக்குச் சின்னசேலம் பக்கம், எங்கள் ஊரும் வழிதான். அவரிடம் சார் விவரமாகச் சொல்லியனுப்பினார். பூச்சி மருந்து குடித்ததில் பெண்ணுக்குக் கொஞ்சம் மயக்கம், வேறொன்றுமில்லை, பஸ் விட்டதும் அனுப்பிவைக்கிறோம் என்று.

வியாபாரி நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். எங்கள் வீட்டு வாசலில் நின்று, "மலைக்குப் போன உங்க பொண்ணு பூச்சி மருந்து குடிச்சிட்டு மயக்கமா கெடக்குது" என்றாராம். மீதியைச் சொல்வதற்குள் அம்மா போட்ட கூச்சலில் அவர் சொன்னது ஒருவர் காதிலும் விழவில்லை. எங்கள் ஊரில் பூச்சி மருந்து என்றால் பருத்திக்கு அடிப்பது. அதை மனுஷர் குடித்தால் என்ன அர்த்தம் என்று சொல்லத் தேவையில்லை.

அதற்கடுத்த நாள் காலை. நான் தேறி எழுந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அப்பா வந்தார். வேட்டியெல்லாம் மண், தோள்பட்டையில் சிராய்ப்பு. மரம் கிடந்த இடத்திலெல்லாம் சைக்கிளைத் தோளில் தூக்கித் தாண்டி வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டார்.

"அந்த வூட்டுல வேணாம்னு சொல்லிட்டேன்" என்றார். முதல் பேச்சே அதுதான். "வர்ற வழியில எறங்கி நேராவே சொல்லிட்டேன். நீ படிம்மா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாப்பா ஆச்சு?" என்றேன்.

"இன்னா மருந்து குடிச்ச?"

"பூச்சி மருந்து தாம்ப்பா. வயித்துப் பூச்சிக்கு."

சார் ஓடிவந்து பாட்டிலைக் காட்டி, மரியாதையாக, முழுப்பாடமும் நடத்தினார். அப்பா பாட்டிலை வாங்கி முகர்ந்து பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நாங்களும் சிரித்தோம். நான்கு ஊரில் வாயைத் திறந்து காட்டிய கதையைச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நான் சாகப் போகவில்லை என்று இப்போது தெரிந்துவிட்டதே. சார் அந்தப் பக்கம் போனதும் கேட்டேன். "அப்ப, மாப்பிள்ள வூட்டுக்குத் திரும்பச் சொல்லி அனுப்பிடுவியாப்பா?"

அப்பா என் முகத்தைப் பார்க்காமல் தலையை ஆட்டினார்.

"இல்லம்மா. அந்த ஆளு வந்து சொன்னப்ப உங்கம்மா ஏன் ஏன்னு கேட்டு அழுதுகினு இருந்தா. நான் கேக்கவே இல்ல. ஏன்னு எனக்குத் தெரிஞ்சிருந்துது."