எட்டு லிங்கமும் ஒரு டீசல் இன்ஜினும்

என் காரைப் பார்க்கிற மெக்கானிக்குகள் எல்லோரும் ஏதாவது ஒரு கட்டத்தில் "அது நடக்காது மேடம்" என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டு நாள் கழித்து அவர்களே அதை நடத்தியும் கொடுத்திருக்கிறார்கள். நடக்காது என்ற வார்த்தையை நான் அவ்வளவு சுலபமாக நம்புவதில்லை. அதற்குக் காரணம் என் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை. பெட்ரோலில் ஓடிக்கொண்டிருந்த அம்பாசிடர் காருக்குள் டீசல் இன்ஜினைத் தூக்கி வைத்து, திருவண்ணாமலை மலையை ஒரு சுற்று சுற்றி வந்தவள் அவள். அந்தச் சுற்றில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தது நான். எனக்கு அப்போது பத்து வயது.

மாமா இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அத்தை எங்கள் வீட்டுக்கு ஒரு பெட்டியோடும் மாமாவின் காரோடும் வந்து சேர்ந்தாள். பெட்டியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. காரைப் பற்றி மட்டும் வந்தவர் போனவர் எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. புருஷன் போன பிறகு பொம்பளைக்கு எதற்குக் கார் என்றார்கள். அதற்குப் பெட்ரோல் போடுவது யானையைக் கட்டித் தீனி போடுகிற மாதிரி என்றார்கள். அத்தை எல்லோருக்கும் காபி கொடுத்தாள், ஒருவருக்கும் பதில் கொடுக்கவில்லை.

அவள் மனதில் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசும் அதைச் சுற்றி எத்தனையோ அலுவலகங்களும் இருக்கின்றன. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு மதியம் நல்ல சாப்பாடு கிடைப்பதில்லை. சமைத்து எடுத்துக்கொண்டு போனால் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் சோற்று அண்டாவையும் சாம்பார் தூக்கையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போக முடியாது, காரில் போனால் பெட்ரோல் கட்டுப்படியாகாது. ஆகவே இன்ஜினையே மாற்றிவிடுவது என்று முடிவு செய்தாள். யாரிடமும் கேட்கவில்லை. காயலான் கடையில் ஒரு பழைய வேனின் டீசல் இன்ஜினைப் பேசி முடித்து, மாட்டு வண்டியில் ஏற்றி, செங்கம் ரோட்டில் இருந்த பாய் பட்டறைக்கு அனுப்பிய பிறகுதான் வீட்டில் சொன்னாள்.

பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் நான் தினமும் அந்தப் பட்டறையில் நின்று பார்ப்பேன். பழைய இன்ஜினைச் சங்கிலி போட்டுத் தூக்கிய நாளில் காரின் முன்பக்கம் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. புது இன்ஜின், அதாவது அந்தக் கிழட்டு இன்ஜின், அந்தப் பள்ளத்துக்குள் சுலபமாக இறங்கவில்லை. பாய் இன்ஜினைத் தாங்கும் இரும்புகளை வெட்டி ஒட்டினார், ஸ்பிரிங்கை மாற்றினார், பல்லைக் கடித்தார். கடைசியில் உட்கார வைத்துவிட்டார். வண்டியை ஒப்படைக்கும்போது அத்தையிடம் அவர் சொன்னது எனக்கு இன்னும் வரி பிசகாமல் ஞாபகம் இருக்கிறது.

"இன்ஜின் நல்லா ஓடும்க்கா. ஆனா ரேடியேட்டரும் பேட்டரியும் பெட்ரோல் வண்டியோடது, இதுக்குப் பத்தாது. வேற வாங்கற வரைக்கும் வழியெல்லாம் தண்ணி ஊத்திக்கினே போங்க. ஒரு தபா ஸ்டார்ட் பண்ணிட்டா ஆஃப் மட்டும் பண்ணிடாதீங்க. பண்ணீங்கன்னா தள்ளித்தான் எடுக்கணும்."

அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அப்பா கெட்டவர் இல்லை. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் செருப்பில்லாமல் மலையைச் சுற்றுகிறவர், தங்கையின் மேல் உயிரையே வைத்திருப்பவர், ஊர் என்ன சொல்லுமோ என்று அதைவிட அதிகமாகப் பயப்படுகிறவர். விதவைத் தங்கை தெருவில் கார் ஓட்டுவதும் சோறு விற்பதும் அவருக்குத் தாங்கவில்லை. ஆரணியில் மாமாவின் தம்பி வீட்டில் அவளுக்கு இடம் தயாராக இருந்தது. இடம் என்றால், அந்தக் குடும்பத்துக்கு ஆயுள் முழுக்கச் சமைத்துப் போட்டுவிட்டு ஒரு மூலையில் படுத்துக்கொள்கிற இடம். அத்தை மாட்டேன் என்றாள். நான்கு நாள் வீட்டில் யாரும் யாருடனும் சரியாகப் பேசவில்லை. ஐந்தாம் நாள் அப்பா தீர்ப்பை மலையிடமே விட்டுவிட்டார்.

"மலைய ஒரு சுத்து சுத்திட்டு வா. வழியில யாரும் தள்ளக்கூடாது, கயிறு கட்டி இழுக்கக்கூடாது. வந்து சேந்துட்டேன்னா வண்டியும் உன்னுது, நீயும் இங்கியே இருந்து உன் இஷ்டம்போல செய். இல்லன்னா வண்டி புரோக்கர் கைக்குப் போயிடும், நீ ஆரணிக்குப் போயிடணும்."

"சரிண்ணா" என்றாள் அத்தை, உப்பு கேட்டால் எடுத்துக் கொடுப்பது போல.

பௌர்ணமி முடிந்த இரண்டாம் நாள் காலை என்று முடிவானது. சாட்சியாக என்னை அனுப்பினார் அப்பா. பொய் சொல்லாத பெண் என்று எனக்கு வீட்டில் ஒரு பெயர் இருந்தது. நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும் என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆரணி என்றால் எனக்கு லீவுக்குப் போகிற ஊர், அவ்வளவுதான்.

தெருப் பையன்கள் தள்ளி வண்டியை ஸ்டார்ட் செய்து கொடுத்தார்கள். புறப்படுவதற்கு முன் தள்ளுவது கணக்கில் வராது என்று அத்தை முன்பே பேசி வைத்திருந்தாள். வண்டி புறப்பட்டபோது தேரடி வரை கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். கார் மாதிரி இருந்தது, லாரி மாதிரி கத்தியது. டேஷ்போர்டில் இன்ஜினின் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சிவப்புக்குப் போனால் சொல்ல வேண்டும். சிவப்பிலேயே நின்றால் இன்ஜின் செத்துவிடும் என்று பாய் என்னிடம் தனியாகச் சொல்லி வைத்திருந்தார்.

மலையைச் சுற்றும் பாதையில் எட்டு லிங்கங்கள் வரும். முதலாவதான இந்திர லிங்கத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டபடியே அத்தை இறங்கினாள். பக்கெட்டில் தண்ணீர் பிடித்தாள். ரேடியேட்டர் மூடியை ஈரச் சாக்கால் பிடித்துத் திருகி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். அக்னி லிங்கத்திலும் அப்படியே. எம லிங்கத்திலும் நிருதி லிங்கத்திலும் அப்படியே. குழாய் எங்கெங்கே இருக்கிறது என்பது நடந்து சுற்றிய காலத்திலிருந்தே அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு லிங்கத்திலும் மறக்காமல் இறங்குகிற இந்தப் பெண்ணைப் பார்த்து, நடந்து வந்த இரண்டு அம்மாக்கள் இந்தக் காலத்தில் இப்படி ஒரு பக்தியா என்று பேசிக்கொண்டார்கள். அவர்கள் காரின் முன்பக்கம் கிளம்பிய ஆவியைக் கவனிக்கவில்லை.

வருண லிங்கத்திலும் இறங்கித் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. அடி அண்ணாமலையில் ஒரு சின்ன ஏற்றம் வரும். நடக்கிறவர்களுக்கு அது ஏற்றம் என்றே தெரியாது. எங்கள் வண்டிக்குத் தெரிந்தது. பாதி ஏறும்போதே முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. அத்தை ஓரம் கட்டி, கை பிரேக்கை இழுத்துவிட்டு, பக்கெட்டோடு எதிரே இருந்த வீட்டுக் குழாய்க்கு ஓடினாள். நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது சிவப்புக்குள் போய் நின்றது. அசையவில்லை. இன்ஜின் சாகப் போகிறது, நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

டீசல் இன்ஜினைச் சாவியால் அணைக்க முடியாது. அதற்கென்று ஒரு கறுப்புக் குமிழைப் பாய் புதிதாக வைத்திருந்தார். அதை வெளியே இழுத்தால் இன்ஜின் நின்றுவிடும். நான் இழுத்தேன். இன்ஜினைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, இரண்டு கையாலும் இழுத்தேன்.

அந்த அமைதி எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. அத்தை தண்ணீரோடு வந்தாள். விரல் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த குமிழைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஆஃப் பண்ணக்கூடாது என்று பாய் சொன்னது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அழ ஆரம்பித்தேன்.

"அழுவாத. வுடு, பாத்துக்கலாம்" என்றாள். அவ்வளவுதான். அந்தக் குமிழைப் பற்றி அதற்குப் பிறகு சாகும்வரை அவள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வண்டி ஆறும்வரை காத்திருந்து தண்ணீர் ஊற்றினாள். சாவியைத் திருகினாள். டக் என்று ஒரு சத்தம் வந்தது, வேறொன்றும் வரவில்லை. நடந்து வந்த நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டு, தள்ளித் தரட்டுமா என்று கேட்டார்கள். நல்ல மனிதர்கள். அத்தை கையை நீட்டித் தடுத்தாள். "தொடாதீங்க. ஒருத்தரும் வண்டியத் தொடக்கூடாது" என்றாள். ஏதோ கோபக்காரப் பெண் என்று அவர்கள் விலகி நின்றார்கள்.

முன்னால் ஏற்றம். பின்னால், வந்த வழியே, இறக்கம். அத்தை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் என்ன செய்யப் போகிறாள் என்பது எனக்கு முன்பே அங்கே நின்றிருந்த ஒரு பெரியவருக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஊரில் மலையை வலமாகத்தான் சுற்றுவார்கள். வழியில் பர்ஸ் விழுந்தால்கூடத் திரும்பி நடக்கத் தயங்குகிறவர்கள் உண்டு. மலையை இடமாகச் சுற்றுவதை எங்கள் வீட்டில் வாயால்கூடச் சொல்ல மாட்டார்கள். அப்பா காதில் விழுந்தால் அன்று சாப்பிட மாட்டார்.

"வேணாம்மா, மலைய எதிர்ப் பக்கமா சுத்தாத. குடும்பத்துக்கு ஆவாது" என்றார் பெரியவர்.

அத்தை கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் வழியாகப் பதில் சொன்னாள். "என் மூஞ்சி சரியான பக்கம்தான் பாத்துனு இருக்குது, பெரியவரே. கொஞ்சம் பின்னால நகர்றேன், அவ்ளோதான். சாமிக்குக் கோவம்னா எங்கிட்டயே கேக்கட்டும். எனக்குப் பயம் இல்ல."

குமிழை உள்ளே தள்ளினாள். ரிவர்ஸ் கியர் போட்டு, கிளட்ச்சை மிதித்துக்கொண்டு, கை பிரேக்கை விட்டாள். வண்டி பின்னோக்கி உருண்டது. முதலில் நத்தை மாதிரி, பிறகு வேகமாக. நடந்து வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒதுங்கினார்கள். அத்தை கழுத்தைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே கிளட்ச்சை விட்டாள். வண்டி ஒரு உதறு உதறியது. கறுப்புப் புகை கக்கியது. தடதடவென்று உயிர் வந்தது. அதே வேகத்தில், பௌர்ணமிக் கூட்டம் குடித்துப் போட்டிருந்த இளநீர் மட்டைக் குவியலில் பின் பம்பர் போய் நறுக்கென்று மோதி நின்றது. மலையை நாங்கள் எதிர்ப் பக்கமாகச் சுற்றியது இருபது அடிகூட இருக்காது. அத்தை முன் கியருக்கு மாற்றி அந்த ஏற்றத்தை ஏறினாள். அவள் முகத்தில் அப்போது இருந்த திமிரை நான் வேறு யார் முகத்திலும் பார்த்ததில்லை.

வாயு லிங்கத்திலும் குபேர லிங்கத்திலும் தண்ணீர் பிடித்தாள். எட்டாவதான ஈசான்ய லிங்கத்தில் மட்டும் பக்கெட்டை எடுக்காமல் இறங்கிப்போய்க் கும்பிட்டுவிட்டு வந்தாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை. எனக்கு என் கவலை. நடந்ததை நடந்தபடி சொல்வதாகச் சத்தியம் செய்திருந்தேனே.

வீட்டு வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் புரோக்கர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வண்டி இழுத்துக்கொண்டு வரப்படும் என்ற நம்பிக்கையோடு. சத்தம் கேட்டுத் தெருவே வெளியே வந்துவிட்டது. அப்பா அத்தையிடம் எதுவும் கேட்கவில்லை. என் முன்னால் குனிந்தார்.

"யாராவது தள்ளினாங்களா?"

இல்லை என்றேன்.

"கயிறு கட்டி இழுத்தாங்களா?"

இல்லை என்றேன். அடுத்த கேள்வி அந்த இருபது அடியைப் பற்றித்தான் என்று காத்திருந்தேன். ஆனால் அவர் அடுத்த கேள்வி எதுவும் கேட்கவில்லை. நானாகவே, எட்டு லிங்கத்திலும் அத்தை இறங்கினாள் என்று சொன்னேன். அது பொய் இல்லை.

புரோக்கருக்கு மனசு ஆறவில்லை. எதற்கும் வண்டியை ஒரு பார்வை பார்த்துவிடுகிறேன் என்று முன்பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். அப்பா மறுபக்கமாகச் சுற்றி, அவருக்கு முன்பே பின்பக்கம் போய்விட்டார். நானும் கூடவே போனேன். பின் பம்பரின் இடுக்கில் இளநீர் மட்டையின் பச்சைத் தோலும் நாரும் கொத்தாகச் சிக்கிக்கொண்டிருந்தன. அப்பா அதைச் சற்று நேரம் பார்த்தார். அண்ணாந்து மலையைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, நாரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டார். தோளில் இருந்த துண்டை எடுத்து பம்பரை அழுத்தித் துடைத்தார். புரோக்கர் வந்து பார்த்தபோது அங்கே ஒன்றும் இல்லை.

அத்தை அந்தக் காரில் பதினோரு வருடம் வேங்கிக்காலுக்குச் சோறு கொண்டுபோனாள். ஆரணிக்குக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் போனாள், அதுவும் தானே ஓட்டிக்கொண்டு. ஆனால் நான் அன்று வாசலில் நின்றபோது என் கவலை வேறாக இருந்தது. முன்பக்கம் முழுக்க எண்ணெயும் சேறுமாக வழிந்துகொண்டிருக்க, இந்த அப்பா பின்பக்கத்தை மட்டும் துடைத்துக்கொண்டிருக்கிறாரே, இவருக்கு ஒரு வண்டியைத் துடைக்கக்கூடத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.