பாதிப் படம் பார்த்த ஆழ்வார்

மைசூர் ரயில் நிலையத்தில் பார்சல் குமாஸ்தாவாக இருந்த ஆழ்வார், ஏழு வருஷத்தில் நூற்றுப் பதினாறு சினிமா பார்த்திருந்தார். அதில் ஒன்றைக்கூட முடிவுவரை பார்த்ததில்லை.

அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. சாயங்காலக் காட்சி ஆறு மணிக்கு ஆரம்பிக்கும். அந்த நாளில் ஒரு படம் என்றால் மூன்றரை மணி நேரம், நாற்பது பாட்டு. ஆழ்வாருக்கோ எட்டு மணிக்கு வேலை. இடைவேளை விளக்கு எரிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்கு நடந்துவிடுவார். செவ்வாய்க்கிழமை ஓய்வு நாள்தான். ஆனால் செவ்வாய் தவறாமல் அவர் மனைவி செலுவம்பாவின் அண்ணா மேல்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவார். சினிமாவுக்குப் போகிறவன் வீட்டில் தீர்த்தம்கூட வாங்கமாட்டேன் என்கிற மனுஷர். அவர் எதிரில் ஆழ்வார் அன்று முழுவதும் திருமண் பளிச்சென்று துலங்க, பாசுரம் சேவித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கம் போட்டிருப்பார்களே, அதிலாவது முடிவு இருக்குமா என்றால் இருக்காது. கதாநாயகி கிணற்றில் விழப்போகிற இடத்தில் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடிந்துவிடும்.

இவ்வளவு இருந்தும், எந்தப் படத்துக்குப் போகலாம் என்று அவர் குடியிருந்த மண்டி மொஹல்லாப் பேட்டையில் எல்லோரும் கேட்டது ஆழ்வாரைத்தான். அவர் சொல்வதும் அப்படி இருக்கும். இந்தப் படத்தில் ராஜா நன்றாகப் பாடுகிறார், ஆனால் குதிரைமேல் உட்கார்ந்தால் குதிரைக்கே சங்கடமாக இருக்கிறது, பாட்டுக்காகப் போங்கள் என்பார். அந்தப் படத்துக்குப் பெண் பார்க்கப் போகிற வாரத்தில் போகாதீர்கள், மாமியார் அவ்வளவு பிரமாதமாக நடித்திருக்கிறாள் என்பார். வெள்ளத்தில் மூழ்குகிற பெண் மூன்று சரணம் முழுசாகப் பாடிவிட்டு மூழ்கியதைப் பார்த்த அன்று, மூச்சைப் பிடிக்கிற வித்தை தெரியாதவர்கள் நடிக்கவே வரக்கூடாது என்று மனசார வியந்தார்.

முதன்முதலில் முடிவைக் கேட்டவர் பசவராஜ். வெல்ல மண்டிக்காரர், கன்னடக்காரர், தமிழ் முக்கால்வாசி புரியும். பார்சல் வாங்க வந்த இடத்தில், காட்டுக்குத் துரத்தின ராணி கடைசியில் என்ன ஆனாள் என்று கேட்டார். பாதியில் எழுந்து வந்தேன் என்று சொல்ல ஆழ்வாருக்கு வெட்கமாக இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். எதிரே நஞ்சன்கூட்டு வாழைப்பழக் கூடை ஒன்று இருந்தது. ராணியைப் பழக்கூடைக்குள் உட்காரவைத்து, மேலே இலை மூடி, அரண்மனைச் சமையல்கட்டுவரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். பசவராஜ் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் எல்லாப் படத்துக்கும் ஆழ்வார் ஒரு முடிவு வைத்திருந்தார். தொலைந்த மோதிரம் ஊறுகாய் ஜாடியில் வந்து சேர்ந்தது. கொலைகாரனைக் கூண்டுக்கிளி காட்டிக்கொடுத்தது. கேட்டவர்கள் அதோடு திருப்தியாகிப் போனார்கள்; படத்தைப் பார்த்துச் சரிபார்க்க யாரும் போகவில்லை. வந்து சேரும் வஸ்துகள் எல்லாம் ரயிலில் வருகிறவையாகவே இருப்பதை யாரும் கவனிக்கவில்லை, ஆழ்வாரே கவனிக்கவில்லை.

வினை வந்தது ஒரு வியாபாரி கதையில். கடல்கடந்து போகிற வியாபாரி தன் தங்கையை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறான். அண்ணி அவளை மழையில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறாள். இடைவேளை. ஆழ்வார் அந்தப் பெண்ணைச் சந்தனப் பெட்டிக்குள் ஏற்றிக் கப்பலில் அனுப்பினார். பெட்டி அண்ணன் கடைக்கே போய் இறங்குகிறது. அவன் மூடியைத் திறக்கிறான், அவள் எழுந்து நின்று பாடுகிறாள். மொஹல்லாவே அதைக் கேட்டு உருகியது. எல்லோரும் போய்ப் படத்தைப் பார்த்தார்கள். பெட்டி வரவில்லை. தங்கையும் வரவில்லை.

பசவராஜ் தூங்கிவிட்டோமோ என்று நினைத்து மறுநாளும் போனார். அப்போதும் வரவில்லை. ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு டாக்கீஸ் மேனேஜர் நஞ்சுண்டசாமியிடம் போய், சீக்கிரம் வீட்டுக்குப் போவதற்காக ரீலை வெட்டிவிட்டார் என்று சண்டை பிடித்தார். நஞ்சுண்டசாமி சாமுண்டி மலைப் பக்கம் கையைத் தூக்கிச் சத்தியம் செய்தார். நம்பாவிட்டால் பாருங்கள் என்று ரீல் டப்பாக்களை வெளியே எடுத்து அடுக்கினார். பதினைந்தாம் டப்பாவுக்கு அப்புறம் பதினேழு இருந்தது. பதினாறு என்று இருக்கவேண்டிய டப்பாமேல் வேறேதோ படத்தின் சீட்டு ஒட்டியிருந்தது. டப்பா மாறியிருக்கிறது, உள்ளே இருப்பது சரியான ரீல்தான் என்று அவர் சொன்னதை யார் கேட்கப்போகிறார்கள்?

மறுநாள் காலை நஞ்சுண்டசாமி ஆழ்வார் வீட்டுக்கு வந்தார். செலுவம்பா காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

“ஸ்வாமி, ஒரே ஒரு விஷயம். நீங்கள் அந்தப் படத்தை முழுசாகப் பார்த்தீர்களா?”

ஏழு வருஷத்தில் இப்படி நேராக யாரும் ஆழ்வாரைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பார்.

“பாதி,” என்றார்.

“மற்றப் படங்கள்?”

“எல்லாமே பாதி.”

நஞ்சுண்டசாமி இப்போதுதான் காப்பியை எடுத்துக் குடித்தார். அன்று சாயங்காலமே ஆழ்வார் டாக்கீஸ் வாசலில் நின்று உண்மையைச் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. நாமம் போட்ட பெரியவரை மேனேஜர் ஏதோ சொல்லி மிரட்டியிருக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். வேறு வழியில்லாமல், ஆழ்வார் ஒருநாள் லீவு போட்டு, முழுப்படத்தையும் எல்லோர் எதிரிலும் உட்கார்ந்து பார்ப்பது என்று முடிவாயிற்று.

இடைவேளை முடிந்து விளக்கு அணைந்தபோது ஆழ்வாருக்கு வேறு யார் வீட்டுக்குள்ளோ நுழைந்துவிட்டதுபோல் இருந்தது. எட்டு மணி சுமாருக்கு அவர் கால்கள் தாமாகவே இரண்டு தடவை எழுந்தன; பசவராஜ் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். திரையில் கப்பல் வந்தது. ஆழ்வார் பெஞ்சின் விளிம்புக்கு நகர்ந்தார். தானே சொன்ன கதை என்பது மறந்துபோய், பெட்டி எங்கே என்று தேடினார். கப்பலிலிருந்து குதிரைகள் இறங்கின. பிறகு வியாபாரிக்கு வைராக்கியம் வந்தது, காவி கட்டினான், பதினோரு பாட்டுப் பாடினான், ஜோதியில் கலந்தான். படம் முடிந்ததும் வழக்கப்படி மைசூர் மகாராஜா படத்தைத் திரையில் காட்டினார்கள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஆழ்வார் மட்டும் உட்கார்ந்திருந்தார். மழையில் நின்ற பெண்ணை ஒருவரும் உள்ளே கூப்பிடவே இல்லையே என்பது அவருக்குத் தாங்கவில்லை.

வெளியே கூட்டம் காத்திருந்தது. ஆழ்வார் தொண்டையைச் செருமிக்கொண்டார். ரீல் எதுவும் போகவில்லை, படம் இவ்வளவுதான், பெட்டியும் கப்பலும் தாம் கட்டிச் சொன்னது என்றார். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. டாக்கீஸ் வாசலில் வெற்றிலை விற்கிற கொள்ளேகால் மல்லம்மாதான் முன்னால் வந்தாள்.

“ஏனுங்க சாமி, அப்படீன்னா அந்தப் புள்ள இன்னும் மழையிலதான் நிக்குதுங்களா?”

ஆழ்வார் குடையை ஊன்றிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

“இல்லம்மா. அண்ணாகிட்ட போய்ச் சேந்துட்டா. பெட்டியில வந்தா.”

“அதானுங்களே,” என்று மல்லம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். மற்றவர்களும் கலைந்தார்கள். படம் எடுத்தவர்களுக்குத்தான் விஷயம் தெரியவில்லை என்று மொஹல்லாவில் தீர்மானமாகிவிட்டது.

மறுவாரம் புதுப்படம் வந்தபோது ஜனங்கள் நஞ்சுண்டசாமியிடம் ஒரு கோரிக்கை வைத்தார்கள். ஆழ்வாருக்கு எட்டு மணிக்கு வேலை. அதனால் இடைவேளையிலேயே அவர் மேடையேறி முடிவைச் சொல்லிவிடவேண்டும். பத்து நிமிஷம்தானே என்று மேனேஜரும் சரி என்றார். ஆழ்வார் முடிவைச் சொன்னார். கேட்டு முடிந்ததும் ஜனங்கள் திருப்தியாக எழுந்து வீட்டுக்குப் போனார்கள். ஆபரேட்டர் மீதிப் படத்தைக் காலி பெஞ்சுகளுக்கு ஓட்டிக் காட்டினார். செவ்வாய் தவிர தினமும் இப்படியே நடந்தது.

செய்தி காதில் விழுந்து படக் கம்பெனியின் பிரதிநிதி ஒருவர் பெங்களூரிலிருந்து வந்தார். முதல்நாள் பிடிவாதமாகத் தனியாக உட்கார்ந்து பின்பாதியைப் பார்த்தார். இரண்டாம் நாள் ஆழ்வார் சொன்னதைக் கேட்டார். கேட்டதும் தொப்பியை எடுத்துக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக வெளியே போய்விட்டார். கம்பெனிக்கு என்ன எழுதினாரோ, அங்கிருந்து கடிதமே வரவில்லை.

இரண்டு வருஷம் இந்த ஏற்பாடு நடந்தது. நிறுத்தியது யுத்தம். ஃபிலிம் கிடைக்கவில்லை, பதினோராயிரம் அடிக்குமேல், அதாவது இரண்டு மணி நேரத்துக்குமேல், படம் எடுக்கக்கூடாது என்று சர்க்கார் உத்தரவு போட்டது. ஆறு மணிக்கு ஆரம்பித்த படம் எட்டு மணிக்குள் முடிந்தது. ஆழ்வார் முழுசாகப் பார்த்துவிட்டே வேலைக்குப் போக முடிந்தது. எப்படி இருக்கிறது என்று பசவராஜ் கேட்டார்.

“பார்க்கலாம்,” என்றார் ஆழ்வார்.

“அப்புறம், ஸ்வாமி?”

“அப்புறம் ஒன்றும் இல்லை. அதிலேயே எல்லாம் இருக்கிறது.”

கொஞ்சங்கொஞ்சமாக அவரைக் கேட்பது நின்றது. ஆழ்வாருக்கும் முழுப்படம் பார்த்தால் தலைவலி வந்தது. சினிமாவை விட்டுவிட்டார் என்று, இத்தனை நாள் தெரிந்தும் தெரியாதவர்போல் இருந்த மைத்துனருக்குச் சந்தோஷம். சினிமாவோடு முடிவு சொல்வதும் விட்டுப்போனது அவருக்குத் தெரியாது.

நாற்பத்தைந்தாம் வருஷம் தை மாதத்தில், ஒரு கட்டு வெற்றிலையோடு மல்லம்மா வீட்டுக்கு வந்தாள். ஊரில் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறதாம். பெட்டியில் வந்தாளே அந்தத் தங்கை, அவள் பெயர் என்ன என்று கேட்டாள். ஆழ்வார் யோசித்துப் பார்த்தார். படத்தில் அந்தப் பெண்ணுக்குப் பெயரே வைக்கவில்லை. சமையலறை வாசலில் நின்ற செலுவம்பா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “பத்மாஸினி,” என்றாள்.

கொள்ளேகாலில் அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. குழந்தையைப் ‘பத்துமாசி’ என்று கூப்பிட்டார்கள். ஏழு மாதத்திலேயே பிறந்த பெண்ணுக்கு எதற்காக இப்படி ஒரு பெயர் என்று கேட்டவர்களை உட்காரவைத்து, மல்லம்மா பெட்டி, கப்பல் எல்லாவற்றையும் சொன்னாள்.